அளவுக் குச்சிகள்

அக்டோபரில் கப்பல் வரும்.
அரிசி மூட்டையோடு, பஞ்சுப் பொதியோடு
கயிறு கட்டிய ஒரு கட்டுக் குச்சியும் வரும்.
கரோலினாவில் ஒரு கண்காணி
ஆளை மண்ணில் நிறுத்தி
குதிகாலிலிருந்து பெருவிரல் வரை
குச்சி வைத்து நறுக்கி
மையால் பெயர் எழுதி அனுப்புவான்.
ஆள் வருவதில்லை.
நீளம் மட்டும் வரும்.

லின் நகரத்தில் எங்கள் தெருவில்
ஜோடு தைக்காத வீடு கிடையாது.
அடித்தோல் அறைவது ஆண்கள்,
மேல்தோல் தைப்பது நாங்கள்.
ஜோடிக்கு நாலு சென்ட்.
தெற்கே போகிற ஜோட்டுக்கு இடது வலது கிடையாது,
இரண்டும் ஒரே அச்சு.
"முதலில் கிழிவது இடது" என்பார் முதலாளி ஏசா மட்ஜ்.
சிரிப்பார்.
கூலி வாங்க நின்ற நாங்களும் சிரித்திருக்கிறோம்.

ஹேகர் என்று ஒரு குச்சி.
ஏன் செய்தேனோ, ஒரு நாள்
தரையில் அதை வைத்து மேலே என் காலை வைத்தேன்.
ஒரு நெல் கூட வித்தியாசமில்லை.
அதே முடிச்சில் ஜூனோ, என் உள்ளங்கையளவு.
அம்மாவும் மகளுமா?
குச்சி அதைச் சொல்லாது.
ஒரே முடிச்சில் இருந்தன, அவ்வளவுதான் தெரியும்.

மறுவருடம் ஜூனோ ஒரு விரற்கடை வளர்ந்திருந்தாள்.
அதற்கடுத்த வருடம் இன்னொரு விரற்கடை.
என் மகனின் பழைய ஃபிளானல் சட்டையைக் கிழித்து
அவள் ஜோட்டுக்குள் உள்துணி வைத்துத் தைத்தேன்.
மட்ஜுக்குத் தெரியாது.
போய்ச் சேர்ந்ததா, தெரியாது.
அது அவள் காலுக்குத்தான் போனதா,
அதுவும் தெரியாது.

நாலாம் வருடம் ஜூனோ வரவில்லை.
கட்டை அவிழ்த்து மூன்று முறை எண்ணினேன்.
"ஒரு ஜோடி குறைச்சல்" என்று
கணக்கில் கோடு இழுத்தார் மட்ஜ்.
விற்றார்களா, புதைத்தார்களா, ஓடிவிட்டாளா
என்று கேட்க அந்தக் கணக்கில் கட்டம் இல்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான்
கெசையா ஆலி வீட்டுக் கூட்டத்துக்குப் போனேன்.
தலைநகரில் மனிதரை விற்காதீர் என்று மனு.
பெண்கள் மட்டும் கையெழுத்து.
"அந்த வேலையை விட்டுவிடு, டிர்ஸா" என்றாள் கெசையா.
"மாவுப் பீப்பாய் என்ன விலை?" என்றேன்.
அவள் புருஷனுக்குத் தோல் மண்டி.
அதற்குமேல் இருவரும் பேசவில்லை.
மைக்கூட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

பனியில் வீடு வீடாய்ப் போனேன்.
கதவு திறந்தால் தோல் நாற்றம்,
மடியில் அதே மேல்தோல், அதே நாலு சென்ட்.
ஊசியைக் காதோரம் செருகிக்கொண்டு
கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு.
"ஆம்பிளையைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றவர்கள் அதிகம்.
ஒருத்தி நாயை அவிழ்த்துவிட்டாள்.
நூற்றுப் பதினேழு பெயர்.
வாஷிங்டனில் அதைப் படிக்காமலே
மேஜைமேல் போட்டுவிட்டார்களாம்.
அடுத்த வருடமும் போனேன்.
அடுத்த வருடமும் தைத்தேன்.

செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிப்பதா என்பார்கள்.
நாங்கள் காலைத் தறிக்கவில்லை.
அளவெடுத்து, அழகாக,
நூல் பிரியாமல் தைத்துக் கொடுத்தோம்.
அறுபடாத ஜோடு போட்டுத்தான்
அவர்கள் வயலுக்கு நடந்தார்கள்.

அறுபத்தைந்து டிசம்பரில் மணி அடித்தது.
சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள், இனி அடிமை இல்லையென்று.
கெசையா தெருவில் நின்று அழுதாள்.
என் மகன் விர்ஜினியா மண்ணில் கிடக்கிறான்,
நான் உள்ளே போய்
மேஜை அறையைத் திறந்தேன்.

திருடி வைத்த ஒன்றே ஒன்று, ஹேகர்.
தரையில் வைத்துக் காலை வைத்தேன்.
நின்று நின்று பரந்துபோன கால்
குச்சியைத் தாண்டி வெளியே நின்றது.

உன் கால் இப்போது எவ்வளவு, ஹேகர்?
அளக்க யாரும் வரமாட்டார்கள்.
நீயே கடைக்குப் போய்
இடது எது, வலது எது என்று
போட்டுப் பார்த்து வாங்கு.
கடித்தால் திருப்பிக் கொடு.

குச்சியை அடுப்பில் போடலாம் என்று எடுத்தேன்.
பெயர் எழுதியிருந்தது.
மறுபடி உள்ளே வைத்தேன்.